ஆடும் துதிக்கையா, ஆடாத் துதிக்கையா?

தஞ்சாவூர், மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். நோயாளிகளுக்கான கையேடு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனியின் வளைவு வீங்கியவர்களுக்கானது. நெஞ்சைத் திறந்து, உடம்பைக் குளிரவைத்து, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, மூளைக்கு மட்டும் தனியாக ரத்தம் செலுத்தியபடி வளைவை எடுத்துவிட்டு டேக்ரான் என்ற செயற்கைத் துணிக் குழாயைத் தைக்கிறார்கள். குழாயின் ஸ்டென்ட் (விரியும் கம்பிவலை) வைத்த நுனி, வளைவைத் தாண்டிக் கீழே போகும் இறங்கு தமனிக்குள் நிற்கும். பெயர் ஃப்ரோசன் எலிஃபன்ட் டிரங்க். 'உறைந்த யானைத் துதிக்கை' என்று போட்டேன். படித்த பெரியவர் ஒருவர், "ஐஸ்ல வச்ச குழாயா தம்பி?" என்கிறார்.

மன்னார்குடி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
துதிக்கையே வேண்டாம். தும்பி என்றால் யானை, அதன் கை தும்பிக்கை. சங்கப் புலவர்களுக்கு வெறும் 'கை' போதும். கைம்மா என்று விலங்குக்கே பெயர். ஆகவே 'விறைகைக்குழல்'. தமனி வடசொல். ஈழத்தார் பெருநாடி என்று எப்போதோ எழுதிவிட்டார்கள்.

கும்பகோணம், செவிலியர் பயிற்றுநர்:
ஐயா, கைக்குழல் என்றால் கையில் ஊசி ஏற்றும் குழாய் என்றுதான் நினைப்பார்கள். நாடி என்றால் இங்கே மணிக்கட்டை நீட்டுவார்கள்.

திருச்சி, மயக்கவியல் மருத்துவர்:
முதலில் கதையைக் கேளுங்கள். 1983இல் ஜெர்மனியின் ஹனோவரில் அறுவை மருத்துவர் ஹான்ஸ் போர்ஸ்ட், குழாயின் மிச்சத்தை இறங்கு தமனிக்குள் தொங்கவிட்டார். அடுத்த அறுவையில் அந்த நுனியைப் பிடித்து அதோடு அடுத்த குழாயைத் தைக்கலாம். அது ரத்தத்தில் ஆடியதால் துதிக்கை. பின்னால் வந்தவர்கள் நுனியில் ஸ்டென்ட் வைத்தார்கள். அது விரிந்து சுவரோடு ஒட்டி நின்றுவிடும், ஆடாது. ஃப்ரோசன் என்றது அதைத்தான், குளிரை அல்ல.

தஞ்சாவூர்:
அப்படியானால் 'ஆடாத் துதிக்கை'? 'விறைதுதிக்கை'யும் தோன்றியது.

மன்னார்குடி:
ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வலி மிகும், 'த்' சரி. விறைதுதிக்கை வினைத்தொகை, அங்கே மிகாது. இலக்கணம் இரண்டுக்கும் இடம் தருகிறது. என் மனம்தான் தரவில்லை.

திருவாரூர், பொறியாளர்:
திறந்த அறுவையும் ஸ்டென்ட்டும் சேர்ந்த ஹைபிரிட் முறைக்கு என்ன சொல்? 'இருமுறை அறுவை' என்றால் ரெண்டு தடவை அறுப்பார்கள் என்று ஓடிவிடுவார்கள். 'கலப்பின' மாட்டுக்கும் நெல்லுக்கும் போய்விட்டது. 'கூட்டு அறுவை' இலையில் வைக்கிற கூட்டை ஞாபகப்படுத்துகிறது. வளைவையே கல்லணை மாதிரி விளக்கலாமே? தலைக்கும் கைகளுக்கும் மூன்று கிளை பிரிகிறது. மதகைப் பழுதுபார்க்கும்போதும் ஒரு வாய்க்கால் காயக்கூடாது.

திருச்சி:
கல்லணை நன்றாக இருக்கிறது, படத்துக்குக் கீழே போடுங்கள். கரிகாலனுக்குள் மட்டும் யாரும் இறங்கிவிடாதீர்கள்.

கும்பகோணம்:
பெயரைப் பற்றி எந்த நோயாளியும் கேட்பதில்லை. "பிழைச்சு எழுந்தா கால் விளங்குமா?" என்றுதான் கேட்கிறார்கள். தண்டுவடத்துக்கு ரத்தம் குறைந்தால் இரண்டு காலும் செயலிழக்கலாம், பக்கவாதமும் வரலாம். இது முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருக்கிறதா?

தஞ்சாவூர்:
ஆறாம் பக்கத்தில் இருந்தது, முன்னுக்குக் கொண்டுவருகிறேன். தலைப்பில் 'கலப்பு அறுவை', உள்ளே 'ஆடாத் துதிக்கை'. ஸ்டென்ட் ஸ்டென்ட்டாகவே இருக்கட்டும். நாலு பேர் சரி என்றுவிட்டீர்கள், அனுப்பிவிடுகிறேன்.

மன்னார்குடி:
பெருநாடிக்கான என் மறுப்பைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். அப்புறம், ஸ்டென்ட்டுக்கு 'தாங்குவலை' என்று ஒன்று வைத்திருக்கிறேன். வேர்ச்சொல் விளக்கம் கொஞ்சம் நீளம், நாளை எழுதுகிறேன்.