வண்டி நிறுத்துமிடத்து மழைநீர் வாசலுக்கு வருகிறது

கேள்வி: எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடம் 200 சதுர மீட்டர், முழுக்கக் கான்கிரீட். கனமழையென்றால் தரைத்தள வீடுகளின் வாசற்படி வரை தண்ணீர் ஏறிவிடுகிறது. மோட்டார் வைத்து இறைத்தால் போதும் என்கிறார் செயலாளர். எனக்கு நம்பிக்கையில்லை.

பதில்: ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 1 லிட்டர். 50 மில்லிமீட்டர் பெய்தால் உங்களுக்கு 10,000 லிட்டர். மின்சாரம் போய்விட்டால் மோட்டார் என்ன செய்யும்? வாசலுக்கு முன் குறுக்கே கம்பிச்சட்டம் மூடிய வாய்க்கால் வெட்டி, ஜல்லி நிரப்பிய உறிஞ்சுகுழிக்குத் திருப்புங்கள். குழி அஸ்திவாரத்தை ஒட்டி வேண்டாம்.

பதில்: களிமண்ணாக இருந்தால் குழி நிரம்பி அப்படியே நிற்கும். முதலில் சிறு பள்ளம் தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வண்டி எண்ணெய் கலந்த நீரைக் கிணற்றில் மட்டும் விடாதீர்கள்.

கேட்டவர்: காலையில் ஊற்றியது மாலைவரை வடியவில்லை, அடியில் பிசுபிசுத்த களிமண். அப்படியானால் வாய்க்காலைத் தெரு வடிகாலில் சேர்க்க அனுமதி கேட்கிறேன். செயலாளரைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு.