ஒரே ஜிபிஎக்ஸ் ஃபைல், ரெண்டு ஏற்றக் கணக்கு; மேட்டில் பின்சக்கரம் வழுக்குது – உதவி தேவை

மேடுபள்ளம்:
கொஞ்சம் அவசரம். ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சைக்கிள்ல கிளம்புறோம். முழுக்க மலை, காடு, 72 கிமீ சுற்று. வழியை நான்தான் ஜிபிஎக்ஸ் ஃபைலா (வழியோட புள்ளிகளைச் சேர்த்து வெக்கிற ஃபைல்) போட்டேன். ஒரு வலைத்தளத்துல ஏத்தினா மொத்த ஏற்றம் 2,100 மீட்டர்னு வருது, அதே ஃபைலை இன்னொண்ணுல போட்டா 1,450. எதை நம்புறது? முதல் 20 கிமீ மட்டும் ஓட்டிப் பார்த்தாச்சு. செங்குத்தான இடத்துல பின்சக்கரம் சும்மா சுத்துது, இறங்கித் தள்ள வேண்டியிருக்கு. சைக்கிள் கம்ப்யூட்டர் வேற வழி தப்பிட்டதா கத்திக்கிட்டே இருக்கு, ஆனா வழியிலதான் இருக்கேன். வரைபடத்துல எல்லாமே கிராவல், அதாவது சரளைன்னுதான் போட்டிருக்கு. டயர் மாத்தணுமா?

கியர்32:
டயர் அகலம்? டியூபா, டியூப்லெஸ்ஸா? காத்து எவ்வளவு வைக்கிறீங்க? உங்க எடை, பை எடை? முன்னாடி எத்தனை பல், பின்னாடி பெரிய வட்டு எத்தனை பல்? இதெல்லாம் சொல்லாம டயரைப் பத்தி யாரும் எதுவும் சொல்ல முடியாது.

சங்கிலிக்கண்ணி:
எனக்குத் தெரிஞ்சு இது கியர் பிரச்சினை. கனமான கியர்ல மிதிவேகம் நிமிஷத்துக்கு 50-க்குக் கீழ போனா, மிதி கீழே இறங்கும்போது மட்டும் விசை மொத்தமா வரும், மேலேயும் அடியிலும் ஒண்ணுமே வராது. அந்த ஒரு தள்ளல்லதான் டயர் பிடி விடுது. பல் எண்ணிக்கையை முதல்ல சொல்லுங்க.

பழைய_தடம்:
வழி போடுவதற்கு முன் வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இதை இங்கே பலமுறை எழுதிவிட்டேன், யாரும் தேடிப் பார்ப்பதில்லை. யார் வேண்டுமானாலும் பதிவு செய்யக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் ‘கிராவல்’ என்ற குறியீட்டின் வரையறை, தண்டவாளத்துக்கு அடியில் கொட்டுகிற மாதிரி கூர்முனை கொண்ட உடைகல். நீங்கள் மனதில் நினைக்கிற அமுங்கிய சரளைக்கு ‘கம்பாக்டட்’ அல்லது ‘ஃபைன் கிராவல்’ என்று தனிக் குறியீடுகள் உண்டு. பதிவு செய்பவர்களில் பலர் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எல்லாவற்றுக்கும் கிராவல் என்று போட்டுவிடுவார்கள். ஆகவே அதை மட்டும் நம்பக் கூடாது. தடம் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் டிராக்டைப் என்ற குறியையும் பாருங்கள். கிரேடு 1 கெட்டியான பாதை, 2 பெரும்பாலும் கெட்டி, 3 கெட்டியும் மண்ணும் சமபாதி, 4 பெரும்பாலும் மண், 5 வெறும் மண்ணும் புல்லும். மரம் இழுத்துச் செல்லும் வண்டிகள் உழுதுவிட்ட கிரேடு 4, 5 தடங்களில் 10 சதவீத ஏற்றத்துக்கு மேல் எந்த டயர் போட்டாலும் தள்ளத்தான் வேண்டும்.

மேடுபள்ளம்:
மன்னிக்கணும், விட்டுட்டேன். 40 மிமீ டயர், டியூப்தான். காத்தழுத்தம் 55 பிஎஸ்ஐ. எடை 74, பை 4 கிலோ. முன்னாடி 40 பல், பின்னாடி 11-லிருந்து 42 பல் வரைக்கும்.

கியர்32:
55-தான் காரணம். டயர் பக்கச்சுவர்ல அச்சடிச்சிருக்கிறது உச்ச வரம்பு, ஓட்ட வேண்டிய அளவு இல்லை. அவ்வளவு காத்துல 40 மிமீ டயர் கல் மேல அழுந்தாது, துள்ளும். துள்ளுற நேரத்துல தரையில பிடியே கிடையாது.

உங்க எடைக்கு டியூபோட முன்னாடி 37, பின்னாடி 41-ல ஆரம்பிங்க. டியூப்லெஸ்ஸா இருந்தா 29, 32. அதே மேட்டுல ஏறிப் பார்த்து, தடவைக்கு 2 பிஎஸ்ஐ குறைங்க. ரிம் கல்லுல இடிக்கிற சத்தம் கேட்ட உடனே 3 ஏத்திட்டு அங்கேயே நிறுத்திடுங்க. பம்புல இருக்கிற முள் 5 பிஎஸ்ஐ வரைக்கும்கூடப் பொய் சொல்லும். எப்பவும் ஒரே பம்பை வெச்சு ஒப்பிடுங்க.

ஏறும்போது எழுந்து நிக்காதீங்க. சீட் நுனிக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, மார்பைத் தாழ்த்துங்க. முன்சக்கரமும் தூக்காது, பின்சக்கரத்துல பாரமும் குறையாது.

சங்கிலிக்கண்ணி:
காத்து சரி, ஆனா கணக்கையும் பாருங்க. 40 மிமீ டயரோட சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர். முன்னாடி 40, பின்னாடி 42 பல் கியர்ல ஒரு மிதிக்கு 2.1 மீட்டர் நகரும். 50 மிதின்னா மணிக்கு 6.3 கிமீ. சைக்கிளோட சேர்த்து 89 கிலோவை 12 சதவீத மேட்டுல அந்த வேகத்துல ஏத்த 200 வாட்டுக்கு மேல வேணும், 18 சதவீதத்துல 300-ஐ நெருங்கும். அவ்வளவு சக்தி இல்லாதப்போ மிதிவேகம் விழுது, விழுந்தா வழுக்குது. முன்னாடி 36 பல் போட்டா 10 சதவீதம் இலகுவாகும். செயின்ல ஒரு ஜோடி கண்ணியை எடுத்தா இழுவை சரியா நிக்கும்.

உடைகல்:
எல்லாரும் டியூபை வெச்சுக்கிட்டே பேசுறீங்க. டியூப்லெஸ் ஆக்குங்க, முடிஞ்சது. சக்கரத்துக்கு 60-லிருந்து 80 மில்லி சீலண்ட் (ஓட்டையை அடைக்கிற திரவம்), 30 பிஎஸ்ஐ.

கியர்32:
ஞாயிறுக்குள்ள வேணாம். புது டயரும் ரிம்மும் காத்து பிடிச்சு நிக்கவே ரெண்டு நாள் ஆகலாம். ரிம்முக்குள்ள ஒட்டுற டேப் ஒரு இடத்துல சுருங்கியிருந்தாலும் ஸ்போக் துளை வழியா இறங்கிடும். பழகாத ஆளுக்குக் காட்டு நடுவுல அது பெரிய தொல்லை.

உடைகல்:
டியூபோட 37-ல இறங்கும்போது ஒரு கல் இடிச்சாப் போதும், பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை. அது தொல்லை இல்லையா?

கியர்32:
டியூபை மாத்த 10 நிமிஷம். டியூப்லெஸ் டயர் பக்கச்சுவர் கிழிஞ்சா பிளக் (ஓட்டையில செருகுற அடைப்பு) நிக்காது, அங்கேயும் கடைசியில டியூப்தான் போடணும், கூடவே உள்பக்கம் ஒரு ஒட்டுத் துண்டு வெக்கணும். எது போட்டாலும் ரெண்டு டியூப் பையில இருக்கணும்.

உடைகல்:
பக்கச்சுவர் கிழியறது அபூர்வம், முள் குத்துறது தினமும். சீலண்ட் காயாம இருக்கான்னு ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்தா போதும்.

பழைய_தடம்:
கேட்டவர் இதைக் கேட்கவில்லை. ஏற்றக் கணக்குக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வனவழி:
நான் சொல்றேன். பல தளங்கள் உயரத்துக்கு எடுக்கிறது 2000 பிப்ரவரியில விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் வெச்சு அளந்த தரவு. 30 மீட்டர் கட்டத்துக்கு ஒரு உயரம்தான். அந்த ரேடார் அலை அடர்ந்த காட்டுல தரையைத் தொடாம மரத்தலை உயரத்துக்குப் பக்கத்துலேயே திரும்பிடும். பாதையில ஒரு பக்கம் மரம், ஒரு பக்கம் வெட்டவெளின்னா இல்லாத மேடு ஒண்ணு கணக்குல வரும். மலைச்சரிவை ஒட்டிப் போற பாதை இன்னும் மோசம். 40 சதவீதச் சரிவுல கோடு 10 மீட்டர் பக்கவாட்டுல விலகினா உயரத்துல 4 மீட்டர் பிழை. மேல ஒரு தடவை, கீழ ஒரு தடவைன்னு அது கூடிக்கிட்டே போய் 72 கிமீக்கு நூத்துக்கணக்கான மீட்டர் சேரும். உங்க 2,100 பெரும்பாலும் அதுதான். 1,450 காட்டுற தளம் அந்த ஏற்ற இறக்கப் பிழையைத் தேய்ச்சு சமப்படுத்தியிருக்கும்.

உறுதி பண்ண ஒரே வழி, 10 மீட்டர் சமவுயரக் கோடு உள்ள வரைபடத்துல ஒவ்வொரு ஏற்றத்தோட அடியையும் உச்சியையும் கையால குறிச்சுக் கூட்டுறது. பத்துப் பன்னிரண்டு ஏற்றம்னா அரைமணி நேர வேலை. எந்த ஏற்றம் நீளம், எது செங்குத்துன்னும் அப்பவே தெரிஞ்சிடும்.

அப்புறம் கம்ப்யூட்டரோட அந்தக் கத்தல். ஜிபிஎக்ஸ்ல எத்தனை புள்ளி இருக்கு? ஏத்துமதி பண்ணும்போது 500-ஆ சுருக்கியிருந்தா 144 மீட்டருக்கு ஒரு புள்ளிதான் விழும். கொண்டை ஊசி வளைவை எல்லாம் நேர்கோடா வெட்டிடும், நீங்க பாதையில இருந்தாலும் கோட்டுல இருக்க மாட்டீங்க. 7,000 புள்ளியாவது வைங்க. தானா வழி மாத்துற அமைப்பை அணைச்சிடுங்க. ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கடுக்கா தடம் போற சரிவுல, மரத்தடியில ஜிபிஎஸ் மேல் தடத்துக்குத் தாவிடும். அங்கே அம்புக்குறியை நம்பாம உயரத்தைப் பாருங்க.

சங்கிலிக்கண்ணி:
எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க? சரளையில 1,450 மீட்டர் ஏற்றத்தோட சராசரி வேகம் மணிக்கு 14 கிமீக்கு மேல எதிர்பார்க்காதீங்க. ஓடுற நேரமே 5 மணி நேரத்துக்கு மேல, நாலு பேர் நின்னு நின்னு போனா 7. பாதியில தார்ச்சாலைக்கு இறங்குற வழி ரெண்டாச்சும் குறிச்சு வைங்க. ஈர இலை கிடக்கிற இறக்கத்துல வளைவுக்கு முன்னாடியே பிரேக் பிடிச்சு விட்டுடுங்க, வளைவுக்குள்ள பிடிக்காதீங்க.

மேடுபள்ளம்:
கூட்டிப் பார்த்தேன், 1,480 வருது. புள்ளி 400-தான் இருந்துச்சு, திரும்ப எடுத்துட்டேன். கிரேடு 5 ரெண்டு துண்டு இருந்துச்சு, சுத்து வழியா மாத்தினதுல 5 கிமீ கூடிடுச்சு. முன்னாடி 38, பின்னாடி 41 காத்துல அதே மேடு தள்ளாம ஏறியாச்சு. டயர் மாத்தலை. எல்லாருக்கும் நன்றி.

பழைய_தடம்:
அந்தச் சுற்று வழியின் குறியீடு என்ன? அதில் வனத்துறை கேட் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? மரம் வெட்டும் நாட்களில் பூட்டிவிடுவார்கள்.

உடைகல்:
மத்த மூணு பேர் டயர் என்ன? அவங்களுக்கும் இதே காத்தை வெச்சிடாதீங்க, எடைக்குத் தகுந்த மாதிரி மாறும்.