993-ஆ, பனமேராவா? கிட்டத்தட்ட ஒரே காசுக்கு எது?

நெக்கார்கரை: ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன். நல்ல நிலையில் உள்ள 1995 போர்ஷே 911 (993 கரேரா) விலைக்குச் சில வருடம் ஓடிய, அதே போர்ஷேயின் நாலு கதவு பனமேரா டர்போவே கிடைக்கும் போலிருக்கிறது. எதை எடுப்பது? வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள்.

டர்போபாண்டி: இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 993-க்கு 272 குதிரைத்திறன், 1370 கிலோ. 2016-இல் வந்த பனமேரா டர்போவுக்கு 550, எடை 2 டன்னுக்குப் பக்கம். எடையால் வகுத்தாலும் டன்னுக்கு 199 எங்கே, 275 எங்கே? நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையை 7 நிமிடம் 38 விநாடியில் சுற்றிய செடான் அது.

ஆயில்கை: பாண்டி, நூர்பர்க்ரிங்குக்கா காய்கறி வாங்கப் போகப்போகிறார்? கருங்காட்டு மலைப்பாதையில் ஓட்டிப் பாருங்கள். 993-இன் அகலம் 1.74 மீட்டர், பனமேரா பக்கக் கண்ணாடி நீங்கலாகவே 1.94. எதிரே பஸ் வந்தால் அந்த 20 சென்டிமீட்டர்தான் பேசும். பனமேராவில் வேகம் தெரியவே தெரியாது. தெரியும்போது லைசென்ஸ் போயிருக்கும்.

டர்போபாண்டி: வேகம் தெரியாமல் போவதற்குத்தானே அண்ணே காசு கொடுக்கிறோம்? ஹம்பர்க் வரை ஆட்டோபானில் போய் இறங்கினால் இடுப்பு வலிக்காது. அப்புறம், 993-இல் ஈஎஸ்பி (வண்டி வழுக்கினால் தானே பிடித்து நிறுத்தும் மின்னணு வசதி) கிடையாது. எஞ்சின் வேறு பின்னால் தொங்குகிறது. ஈரமான வளைவில் பாதியில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வால் முன்னால் வந்துவிடும்.

ஆயில்கை: அது பழைய 911-களின் பழி. 993-இல் பின் சஸ்பென்ஷனையே மல்டிலிங்க்காக (சக்கரத்தைப் பல தண்டுகள் பிடிக்கும் அமைப்பு) மாற்றிவிட்டார்கள், எவ்வளவோ சாது. ஆனால் மழையில் பாடம் எடுக்கும், அதை மறுக்கவில்லை. காற்றில் குளிரும் கடைசி 911 அதுதான். அடுத்து வந்த 996-இன் எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் வந்துவிட்டது. சிலிண்டருக்கு நாலு வால்வு வைத்தால் காற்று மட்டும் தாங்காது, புகை விதி, சத்த விதி வேறு. சாவியை இடது கையால் திருப்பியதும் பின்னால் ஃபேன் சீறும் பாருங்கள், அதற்கே பாதிக் காசு கொடுக்கலாம்.

பின்சீட்டு: சும்மா படித்துக்கொண்டிருந்தேன். பனமேராவின் பின்பக்கம் கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறக்கும், அதைச் செடான் என்பதே தாராளம். சரி, பராமரிப்பு பற்றி யாரும் பேசவில்லையே?

ஆயில்கை: 993-க்கு ஆயிலே சுமார் 11 லிட்டர். அளவு பார்ப்பதும் தனி வழி: எஞ்சின் நன்றாகச் சூடாகி, சமதளத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் குச்சியை எடுக்க வேண்டும். அணைத்துவிட்டுப் பார்த்து, குறைவு என்று ஊற்றுகிறவர்கள்தான் புகை விடுகிறார்கள். கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸையே கீழே இறக்க வேண்டும். பனமேராவில் ஏர் சஸ்பென்ஷன் போனால் என்ன பில் வரும் என்று பாண்டியைக் கேளுங்கள்.

டர்போபாண்டி: வரும், பெரிதாகவே வரும். ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: 30 வயது தாண்டிய வண்டி என்பதால் 993-க்கு எச் நம்பர் பிளேட் (பழம்பெரும் வண்டிகளுக்கான ஜெர்மன் பதிவு) வாங்கலாம், வருட வரி 191 யூரோவோடு முடியும். பனமேரா இனி விலை இறங்கத்தான் செய்யும். ஆனாலும் நெக்கார்கரை, பிள்ளைகளுக்கு என்ன வயது? 993-இன் பின்சீட் பள்ளிப் பைக்குத்தான் சரி.

நெக்கார்கரை: பெரியவனுக்கு 13.

ஆயில்கை: அப்படியானால் பாண்டி சொல்வதை வாங்குங்கள். ஆனால் அந்த 993 எந்த ஊரில் நிற்கிறது என்று எனக்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள்.