மூண்டு படத்திலயும் ஒரே ஆளோ? அப்பாவோட ஒரு நண்டுப் பந்தயம்

கடலோரத்தான் (திருகோணமலை):

வணக்கம். பழைய இங்கிலீசுப் படம் பாக்கிற ஆக்கள் இங்க ரெண்டு மூண்டு பேர் இருக்கிறீங்கள் எண்டு தெரியும். அதுதான் கேக்கிறன்.

போன மாசத்தில இருந்து இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவுக்கு லப்டொப்பில கறுப்பு வெள்ளைப் படம் போட்டுக் காட்டுறன். அவருக்கு 79 வயசு. பாதையில வேலை செய்த மனுசன். 2009 இல கிண்ணியாப் பாலம் திறக்க முதல் சனத்தையும் வாகனத்தையும் தண்ணிக்கு மேலால ஏத்தி இறக்கின அந்த மிதக்கிற பாதைதான். இங்கிலீசு பெரிசா விளங்காது. நான் இடைக்கிடை கதை சொல்லப் போனா "நீ சொல்லாத, பாக்க விடு" எண்டுவார்.

முதல் நாள் ஸ்ரேஜ்கோச் பாத்தம். அதில ஊரால துரத்தின ஒரு குடிகார டொக்டர். பக்கத்தில இருக்கிற அப்பாவிச் சாராய வியாபாரியின்ர சாம்பிள் பெட்டியைத் தன்ர வசமாக்கி, ஒவ்வொரு போத்தலா முடிச்சுக்கொண்டு வருவார். அப்பாவுக்கு அந்த ஆளை நல்லாப் பிடிச்சுப் போச்சு. அடுத்த கிழமை கோன் வித் த விண்ட். (அது கலர்ப்படம், அப்பாவுக்கு வலு புழுகம்.) அதில கதாநாயகியின்ர தகப்பன் குதிரையில வேலி பாய்ஞ்சு வர, அப்பா "டேய், டொக்டர் வாறான்" எண்டார். நான் சிரிச்சன். பிறகு இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப். 8,000 டொலரைத் துலைச்சுப்போட்டுத் தலையில அடிச்சு அழுகிற மறதிக்காரச் சித்தப்பன். அதுக்கும் அப்பா "இதுவும் அவன்தான்" எண்டார்.

எனக்கு மூண்டு முகமும் மூண்டு விதமாத்தான் தெரியுது. "முகத்தை ஏன் பாக்கிறாய், தோளைப் பார்" எண்டு எனக்கு ஏச்சு. பாதையில நிண்ட காலத்தில அக்கரையில காத்துக்கொண்டு நிக்கிற ஆளின்ர முகம் தெரியாதாம். நிக்கிற நிலையை வச்சே இது இன்னார் எண்டு பிடிச்சிடுவாராம்.

ஒரு கிலோ நண்டு பந்தயம். போனில தேடக் கூடாது, படம் தெரிஞ்ச மனுசரிட்டத்தான் கேக்கோணும் எண்டு நிபந்தனை வேற. சொல்லுங்கோ, மூண்டும் ஒரே ஆளோ?

பழையபடப்_பைத்தியம் (உப்புவெளி):

தம்பி, சட்டியை அடுப்பில வையுங்கோ. மூண்டும் ஒரே ஆள்தான். பேர் தோமஸ் மிச்செல். ஐயாவின்ர கண்ணுக்கு ஒரு கும்பிடு.

நீங்கள் சொன்ன முதல் ரெண்டு படமும் ஒரே வருசம், 1939. அந்த வருசம் இந்த மனுசன் இன்னும் மூண்டு படத்தில நிக்கிறார். நோத்ர டாம் கூனன் கதையில பிச்சைக்காரருக்கு ராசா. மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வொஷிங்டனில தண்ணியும் நக்கலுமாத் திரியிற பத்திரிகைக்காரன். ஒன்லி ஏஞ்சல்ஸ் ஹாவ் விங்ஸில கண் மங்கிக்கொண்டு போறதை ஒருத்தருக்கும் சொல்லாமல் மறைக்கிற விமான ஓட்டி. எனக்கு ஐஞ்சிலயும் பிடிச்சது அந்தக் கடைசி ஆள்தான், ஆனா அதைப் பற்றிக் கதைக்க ஒருத்தரும் அம்பிடுறேல்ல.

ஆள் 1892 இல நியூ ஜேர்சியில, அயர்லாந்தில இருந்து போன குடும்பத்தில பிறந்தவர். நடிக்க வரமுதல் பத்திரிகை நிருபர். அப்ப அந்த நிருபர் வேசமும், கோன் வித் த விண்டில மண், மண் எண்டு உயிரை விடுற அயர்லாந்துக்காரத் தகப்பன் வேசமும் அவருக்கு வீட்டுச் சாமான் மாதிரி. மேடையில கனகாலம் நிண்டுபோட்டு, 1936 இலதான் ஹொலிவூட்டில நிலையாக் கால் வைக்கிறார். அப்ப வயசு 44. எங்கட ஆக்கள் அந்த வயசில பென்சன் கணக்குப் பாக்கத் தொடங்கிடுவினம்.

குடிகார டொக்டர் வேசமும் அவருக்கு அது முதல்தரம் இல்ல. 1937 இல ஜோன் ஃபோர்ட் எடுத்த த ஹரிக்கேனிலயும் குடிக்கிற டொக்டர்தான். அதுக்குத் துணை நடிகர் ஒஸ்காருக்குப் பேர் போச்சு, கிடைக்கேல்ல. ரெண்டு வருசத்தால அதே ஃபோர்ட் திருப்பியும் அவரின்ர கையில கிளாசைக் குடுத்து ஸ்ரேஜ்கோச் எடுக்க, ஒஸ்கார் வந்துது. அந்தக் காலத்தில துணை நடிகருக்குச் சிலை குடுக்கிறேல்ல, ஒரு தகடுதான்.

சும்மா_ஒருவன்:

எல்லாரும் ஓவராப் புழுகிறீங்கள் போல. டொக்டரும் குடிகாரன், நிருபரும் குடிகாரன், சித்தப்பாவும் குடிகாரன். தள்ளாடி நடக்க ஆருக்குத்தான் தெரியாது? எங்கட ஒழுங்கையில சனிக்கிழமை பின்னேரம் வந்து பாருங்கோ, ஒஸ்கார் லெவலில நாலு பேர் நிப்பினம்.

மற்றது, கசப்ளங்காவில சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு கடை நடத்துற தடியன், அதுவும் இவர்தானே?

மூதூர்_வாத்தியார்:

தம்பி சும்மா ஒருவன், அவர் சிட்னி கிரீன்ஸ்ட்ரீட். இவரைவிட இரண்டு சுற்றுப் பெரியவர். அத்தோடு கசப்ளங்கா கறுப்பு வெள்ளைப் படம், தொப்பியின் நிறம் உமக்கு எங்கிருந்து தெரிந்ததோ!

குடிகாரன் விடயத்துக்கு வருவோம். ஸ்ரேஜ்கோச்சில் வழியிலே ஒரு பெண்ணுக்குப் பிரசவ நேரம் வந்துவிடும். வெறியில் நிற்கத் தெரியாத வைத்தியர் சேட்டைக் கழற்றிவிட்டு, கோப்பி கொண்டு வா, இன்னும் கொண்டு வா என்று கறுப்புக் கோப்பியைக் குடித்துக் குடித்துத் தன்னைத் தெளிய வைப்பார். அங்கே தள்ளாட்டம் இல்லை. வெட்கம்தான் இருக்கிறது. படிப்பை மறந்துவிட்டேனோ என்ற பயமும் இருக்கிறது. இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃபில் (1946) அந்தச் சித்தப்பா ஞாபகத்துக்காக விரல்களில் நூல் கட்டியிருப்பார், பிறகு எதற்குக் கட்டினேன் என்றே தெரியாது. எங்கள் அம்மாமார் முந்தானையில் முடிச்சுப் போடுவது போல. அவர் மேசையில் கவிழ்ந்து அழும்போது ஒரு அணில் கையில் ஏறும். வேறு யாருமென்றால் அந்த இடத்தில் சிரிப்பு வந்திருக்கும்.

குடியே இல்லாத வேடம் வேண்டுமென்றால் 1952 இல் வந்த ஹை நூன் பாரும். நகர மேயர். ரவுடிகளை எதிர்க்க ஆள் கேட்டு வந்த மார்ஷலை (ஊர்க் காவல் அதிகாரியை) தேவாலயத்தில் எழுந்து வாயாரப் புகழ்வார், சனமெல்லாம் உதவிக்குப் போகப்போகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, ஆகவே நீர் ஊரை விட்டுப் போவதுதான் நல்லது என்று முடிப்பார். கெட்டவன் மாதிரி ஒரு பார்வை கூட இல்லை. நல்ல மனிதராகவே நின்று கையை விரிப்பார்.

நம் பக்கத்தில் ஒப்பிடுவதென்றால் எனக்கு டி. எஸ். பாலையாதான். காதலிக்க நேரமில்லையில் (1964) நாகேஷ் கதை சொல்லக் கேட்டு நடுங்கிய அதே மனிதர், அடுத்த வருடம் திருவிளையாடலில் ஹேமநாத பாகவதராக ஒரு நாட்டையே அடிமை கேட்டார். அவரையும் போஸ்டரில் ஓரத்தில்தான் போட்டார்கள்.

சும்மா_ஒருவன்:

சரி சேர், தொப்பி விசயத்தில மன்னிப்பு. பாலையாவைக் கொண்டு வந்தாப் பிறகு நான் வாய் திறக்கேல்ல.

பழையபடப்_பைத்தியம் (உப்புவெளி):

வாத்தியார் சொன்ன ஹை நூனுக்கு அடுத்த வருசம், 1953, மிச்செல் தொலைக்காட்சிக்கு எமி விருதும் மேடைக்கு டோனி விருதும் எடுத்தார். ஒஸ்கார், எமி, டோனி மூண்டும் எடுத்த முதல் ஆம்பிளை நடிகர் அவர்தான். டோனி கிடைச்சது ஒரு பாட்டு நாடகத்துக்கு, அதை யோசிச்சுப் பாருங்கோ.

ஐயாவுக்குச் சொல்ல இன்னொரு விசயமும் இருக்கு. தொலைக்காட்சித் தொடரில கசங்கின கோட்டோட வாற கொலம்போ எண்ட துப்பறியிறவரை எல்லாருக்கும் பீட்டர் ஃபோக்காத்தான் தெரியும். ஆனா 1962 இல அந்தக் கதையை மேடை நாடகமாக் கொண்டு திரியேக்க கொலம்போவா நடிச்சது மிச்செல்தான். அதுதான் அவரின்ர கடைசி வேசம், அந்த டிசம்பரில புற்றுநோயில போயிட்டார். அதுக்கு முதல் வருசம் வந்த அவரின்ர கடைசிப் படம் பொக்கெட்ஃபுல் ஒஃப் மிரக்கிள்ஸ். அதில ஒரு அடியாளா வாறது ஆர் தெரியுமோ? பீட்டர் ஃபோக்.

கடலோரத்தான் (திருகோணமலை):

எல்லாருக்கும் நன்றி. அப்பாவுக்கு எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினன். வாத்தியார் எழுதினதைமட்டும் ரெண்டுதரம் வாசிக்கச் சொன்னார். நூல் கட்டுற கதை வரேக்க தன்ர சாரத்து முனையைத் தூக்கிக் காட்டினார், அதில ஒரு முடிச்சு. "என்னத்துக்கு அப்பா?" எண்டு கேட்டன். தெரியாதாம்.

நேற்று ஹை நூன் போட்டன். மேயர் எழும்பிப் புகழத் தொடங்க நான் ஒண்டும் சொல்லேல்ல. அப்பா முன்னுக்குக் குனிஞ்சு பாத்துக்கொண்டிருந்துபோட்டு, "இவ்வளவு புகழுறான் எண்டா ஏதோ மாட்டன் எண்டு சொல்லப்போறான்" எண்டார். பாதைக்குக் காசு தராமல் கடக்கிற ஆக்களும் இப்பிடித்தான் தொடங்குவினமாம்.

மற்றது, கொலம்போ கதையைச் சொன்னன். "கொழும்போ? கொழும்பில ஏன் நடிச்சவன்?" எண்டு கேட்டார். ரெண்டுதரம் விளங்கப்படுத்திப் பாத்திட்டன். இப்ப விருந்துக்கு வாற சொந்தக்காரர் எல்லாரிட்டயும் "அந்த டொக்டர் கடைசியாக் கொழும்பிலதான் நடிச்சவன்" எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறார். திருத்தப் போறேல்ல எண்டு விட்டிட்டன்.

நண்டு வாங்கியாச்சு. என்ன விலை எண்டு ஒருத்தரும் கேக்காதேங்கோ.