மேக்பெத் நாடகத்தில் ஆடைப் படிமங்கள் எதற்காக?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். ஷேக்ஸ்பியரின் மேக்பெத் இந்தப் பருவத்தில் எங்களுக்குப் பாடம். குருதி, இருள், உறக்கம், பறவை, ஆடை என்று படிமங்களை (மனக்கண்ணில் காட்சியை எழுப்பும் சொற்களை) வகை பிரித்து எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பட்டியலைக் கொண்டு என்ன சொல்வது என்று புலப்படவில்லை. கொலையும் சூனியக்காரிகளும் நிறைந்த ஒரு துன்பியல் நாடகத்தில் உடையின் அளவைப் பற்றி இத்தனை பேர் ஏன் பேசுகிறார்கள்? இவை வெறும் அலங்காரமா, கதைப்போக்கோடு பிணைந்தவையா?

மறுமொழி 1:

பொருளால் வகை பிரிப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு வரியையும் யார், எப்போது சொல்கிறார் என்று பாருங்கள். முதல் அங்கம் மூன்றாம் காட்சியில், கோடர் பிரபுவின் பட்டம் தனக்கு வந்திருப்பதைக் கேட்ட மேக்பெத், அந்தப் பிரபு உயிரோடிருக்கையில் இரவல் உடையை எனக்கு ஏன் உடுத்துகிறீர்கள் என்று கேட்கிறான். அதே அங்கத்தின் ஏழாம் காட்சியில், மக்களிடம் தான் ஈட்டிய நற்பெயரைப் புது மெருகு குலையாமல் அணிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லி, மன்னன் டங்கனைக் கொல்லும் திட்டத்திலிருந்து பின்வாங்கப் பார்க்கிறான். உடனே அவன் மனைவி, நீங்கள் இதுவரை உடுத்தியிருந்த நம்பிக்கை குடிபோதையில் இருந்ததா என்று அவனுடைய உருவகத்தையே எடுத்து அவன்மீது திருப்புகிறாள். ஐந்தாம் அங்கத்திலோ பகைவர் பக்கம் நிற்கும் ஆங்கஸ், அரக்கனின் அங்கியை மாட்டிக்கொண்ட குள்ளத் திருடனைப் போல அவன்மீது அரச பட்டம் தொளதொளவென்று தொங்குகிறது என்கிறான். முதலில் வியப்பில் மேக்பெத் கேட்ட கேள்வி, நாடக முடிவில் பிறர் வாயிலிருந்து குற்றச்சாட்டாகத் திரும்பி வருகிறது. இதை அலங்காரம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

மறுமொழி 2:

இதில் ஒரு பழைய விவாதமும் உண்டு. 1935இல் திறனாய்வாளர் கரோலின் ஸ்பர்ஜன், தனக்குப் பொருந்தாத பெரிய உடைக்குள் தடுமாறும் சிறுமையான மனிதனையே இப்படிமங்கள் காட்டுகின்றன என்று எழுதினார். 1947இல் இன்னொரு திறனாய்வாளரான கிளீந்த் புரூக்ஸ் அதை மறுத்து, உடை பெரிதா சிறிதா என்பதைவிட அது அவனுடையதல்ல என்பதே முக்கியம் என்றார். நான் புரூக்ஸ் பக்கமே நிற்பேன். தொடக்கத்தில் போர்க்களச் செய்தி கொண்டுவரும் வீரன் மேக்பெத்தின் பேராற்றலை வாய்நிறையப் புகழ்கிறான். அப்படிப்பட்டவனைச் சிறியவன் என்பது பொருந்தாது. மேலும், ஆங்கஸ் குள்ளன் என்பதோடு நிறுத்தாமல் திருடன் என்றும் சொல்கிறான் அல்லவா?

மறுமொழி 3:

குருதிப் படிமத்தையும் இதே வழியில் அணுகலாம். அது கணவனுக்கும் மனைவிக்கும் இடையே கைமாறுகிறது. டங்கனைக் கொன்றுவிட்டு வந்த மேக்பெத், கடல்கள் அத்தனையும் சேர்ந்தாலும் இக்கையைக் கழுவ முடியாது, இக்கையே கடல்களைச் சிவப்பாக்கிவிடும் என்று அலறுகிறான். சற்று நேரத்தில் அவளோ கொஞ்சம் தண்ணீர் போதும் என்கிறாள். விருந்துக் காட்சியின் இறுதியில் அவன், குருதிக்குள் இவ்வளவு தூரம் இறங்கி நடந்துவிட்டேன், திரும்புவதும் அக்கரை சேர்வதும் ஒரே அளவு அலுப்புதான் என்கிறான். ஆனால் தூக்கத்தில் நடந்தபடி கையைத் தேய்த்துத் தேய்த்து, அரேபியாவின் நறுமணமெல்லாம் சேர்ந்தாலும் இந்தச் சிறு கையின் நாற்றம் போகாது என்று புலம்புபவள் அவள். இரண்டாம் அங்கத்தில் அவன் மிகைப்படுத்திச் சொன்னது ஐந்தாம் அங்கத்தில் அவளுடைய நோயாகிவிடுகிறது. அதுவரை செய்யுளில் உறுதியாகப் பேசிவந்தவள் அந்தக் காட்சியில் துண்டு துண்டான உரைநடையில் பேசுவதையும் உங்கள் கட்டுரையில் அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பேசுபவர் யார் என்பதை வைத்தே எழுதப் போகிறேன். பறவைப் படிமங்களுக்கும் இது பொருந்துமா? அங்கே ஒருவர் சொல்லை மற்றவர் எடுத்தாள்வதாகத் தெரியவில்லையே.

மறுமொழி 1:

பொருந்தும், ஆனால் அங்கே ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்பதே இல்லை. நான்காம் அங்கம் இரண்டாம் காட்சியில், மேக்பெத்தை எதிர்க்கும் பிரபுவான மெக்டஃபின் மனைவி, மிகச் சிறிய குருவிகூடத் தன் குஞ்சுகளுக்காக ஆந்தையோடு போராடுமே, இவரோ எங்களை விட்டுவிட்டு ஓடிவிட்டாரே என்று குமுறுகிறாள். அடுத்த காட்சியில், இங்கிலாந்தில் இருக்கும் மெக்டஃப் தன் குடும்பம் முழுதும் மேக்பெத்தின் ஆட்களால் கொல்லப்பட்ட செய்தி கேட்டு, என் குஞ்சுகளையும் தாயையும் அந்தப் பருந்து ஒரே பாய்ச்சலில் தூக்கிவிட்டதா என்று கதறுகிறான். கணவனும் மனைவியும் நாடகத்தில் எங்குமே மேடையில் சேர்ந்து தோன்றுவதில்லை. அவளுடைய குற்றச்சாட்டுக்கு அவன் தன்னையறியாமல் பதில் சொல்வதை அரங்கில் இருப்பவர்கள் மட்டுமே அறிகிறார்கள். கட்டுரையை இந்த இரு காட்சிகளிலிருந்து தொடங்கினால் பட்டியல் தேவைப்படாது.