கறுத்தக்கொழும்பான் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி:
வணக்கம். கொழும்பில் வளர்ந்து, திருமணத்தின் பின் யாழ்ப்பாணத்துக்கு வந்தவள் நான். சென்ற சனிக்கிழமை திருநெல்வேலிச் சந்தையில், மஞ்சள் நிறத்தை நம்பி, கறுத்தக்கொழும்பான் என்று சொல்லித் தந்த ஆறு மாம்பழங்களை வாங்கினேன். அவற்றில் நான்கு, கொட்டையைச் சுற்றி வெளிறிப்போய், வாயில் வைக்க முடியாதபடி புளித்தன. மாமி ஒன்றும் சொல்லாமல் அவற்றைச் சம்பலுக்கு எடுத்து வைத்தது இன்னும் வெட்கமாக இருக்கிறது. இனிக்கும் பழத்தை வெட்டாமலே அறிவது எப்படி?

மறுமொழி (சாவகச்சேரி):
தங்கச்சி, நிறத்தை நம்பியதுதான் பிழை. கறுத்தக்கொழும்பான் நன்றாகக் கனிந்த பின்னும் தோலில் பச்சை தங்கியிருக்கும் என்பதால், ஒரே சீராக மஞ்சளித்த பழத்தைக் கண்டால் நான் முதலில் சந்தேகப்படுவேன். காம்படியைப் பாருங்கள். முற்றிய காயில் காம்பின் இரு பக்கமும் தோள் திரண்டு மேலெழுந்து, காம்பு சிறு குழிக்குள் இருப்பதுபோல் தெரியும். முற்றாத காயில் தோள் சரிந்து கிடக்கும். பிறகு அதே இடத்தை மூக்கருகே கொண்டுபோங்கள். மணம் வராத பழத்தை எங்கள் வீட்டில் எவரும் வாங்குவதில்லை. பெருவிரலால் அமுக்க வேண்டாம். வியாபாரி ஏசுவது ஒருபுறம், அமுக்கிய இடம் மறுநாள் கன்றிவிடும்.

மறுமொழி (கோண்டாவில்):
அக்கா, அவை கல் வைத்துப் பழுக்கச் செய்தவையாகவும் இருக்கலாம். கால்சியம் காபைட்டில் ஈரம் படும்போது வெளிவரும் அசெற்றிலீன் வாயு தோலை விரைவில் மஞ்சளாக்கிவிடும், சதையோ அந்த வேகத்தில் கனியாது.

மறுமொழி (சாவகச்சேரி):
தம்பி சொல்வதும் சரி, ஆனாலும் எல்லாப் பழியையும் கல்லின்மேல் போட முடியாது. காயில் சேர்ந்திருக்கும் மாப்பொருள்தான் ஆய்ந்த பின் சர்க்கரையாக மாறுகிறது. வௌவாலுக்கும் காற்றுக்கும் பயந்தோ, முதல் வரவின் நல்ல விலைக்கு ஆசைப்பட்டோ அது சேருமுன் ஆய்ந்துவிட்டால், வைக்கலுக்குள் எத்தனை நாள் வைத்தாலும் மெதுமையாகுமே தவிர இனிக்காது. ஆகையால் முற்றிய காயாகவே வாங்கி, வீட்டில் பழுக்க வையுங்கள். வாளித் தண்ணீரில் இட்டால் முற்றியது பெரும்பாலும் தாழும், முற்றாதது மிதக்கும். பழுக்குமுன் குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அந்தக் குளிரில் தோல் கறுத்து, பழுப்பதும் கெட்டுவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி அண்ணா. இன்று தோள் திரண்டவையாகத் தேடி ஐந்து காய்கள் வாங்கி வாளியில் இட்டேன். நான்கு தாழ்ந்தன. மிதந்த ஒன்றை, நான் கேட்குமுன்பே மாமி சம்பலுக்கு எடுத்துவிட்டார்.