போட்டோகிராமெட்ரிக்குத் தமிழில் என்ன?

வணக்கம்.

அண்டார்க்டிகா போன ஷாக்கில்டனின் எண்டூரன்ஸ் கப்பலைப் பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்து ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். வெடல் கடலின் பனிக்கட்டியில் சிக்கி நசுங்கி 1915 நவம்பர் 21 அன்று மூழ்கிய கப்பல், 2022 மார்ச் 5 அன்று 3,008 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. அண்டார்க்டிக் உடன்படிக்கையின் கீழ் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் ஒரு தட்டைக்கூட மேலே கொண்டுவரவில்லை. ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த சுமார் 25,000 படங்களை வைத்துக் கப்பலின் முப்பரிமாண வடிவத்தைக் கணினியில் கட்டி 2024இல் வெளியிட்டார்கள். தட்டுகள், ஒரு பூட்ஸ் எல்லாம் அதில் தெரிகின்றன.

படங்களிலிருந்து இப்படி அளவெடுக்கும் முறைதான் போட்டோகிராமெட்ரி. முதலில் "ஒளிப்பட அளவையியல்" என்று போட்டேன். ஆனால் அளவையியல் என்றாலே தருக்கம்தான், இலங்கையில் உயர்தர வகுப்பில் அந்தப் பெயரில் ஒரு பாடமே இருக்கிறது. தவிர, "இயல்" ஒட்டினால் பாடத்தின் பெயராகிவிடுகிறது, "அளவையியல் செய்தார்கள்" என்று எழுத வராது. நில அளவை, நில அளவர் மாதிரி "பட அளவை", "பட அளவர்" என்று வைத்தால் என்ன?

மறுமொழி:

> "பட அளவை", "பட அளவர்"

வேண்டாங்க. எந்தச் செயலியிலாவது "பட அளவை மாற்று" என்று பார்த்ததில்லையா? அங்கே அது படத்தின் சைஸ். இன்னொன்று, நில அளவையில் அளப்பது நிலத்தை. பட அளவையில் படத்தையா அளக்கிறோம், கப்பலை அல்லவா? நடுவில் "வழி" சேர்த்துப் பாருங்கள்: படவழி அளவை.

மறுமொழி:

சரி, சைஸ் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை! "படவழி அளவை" இன்னொரு குழப்பத்தையும் தீர்க்கிறது. அண்டார்க்டிகாவின் கேப் எவன்ஸில், தென் துருவப் பயணி ஸ்காட்டின் குழு 1911இல் கட்டிய குடிசைக்குள் 2012 முதல் கூகுளில் சுற்றிப்பார்க்கலாம். அலமாரியில் டப்பாக்கள் வரிசையாக இருக்கின்றன. அதுவும் இதில் அடங்குமா என்று முந்தாநாள் ஒரு நண்பர் கேட்டார். அடங்காது. அங்கே இருக்கும் ஒவ்வொரு சுற்றுக்காட்சியும் (பனோரமா) நின்ற இடத்திலேயே தலையைத் திருப்பிப் பார்ப்பது போன்றது. அளக்க வேண்டுமென்றால் அதே டப்பா குறைந்தது இரண்டு இடங்களிலிருந்து எடுத்த படங்களில் விழ வேண்டும், அந்தக் கோண வேறுபாட்டை வைத்துத்தான் டப்பா எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட முடியும். அப்போதும் கிடைப்பது வடிவம்தான். அது எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்ல, நீளம் தெரிந்த ஏதாவது ஒன்று படத்தில் இருக்க வேண்டும், அல்லது கேமரா எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆகவே சும்மா பார்ப்பதற்குச் சுற்றுக்காட்சி, அளப்பதற்குப் படவழி அளவை. "படவழி அளந்தார்கள்" என்று வினையாகவும் உறுத்தாமல் வருகிறது. "படவழி அளவர்" மட்டும் கொஞ்சம் இடிக்கிறது, பழகிவிடும் என்று நினைக்கிறேன்.

கட்டுரையில் முதல் இடத்தில் மட்டும் போட்டோகிராமெட்ரி என்றும் சேர்த்துப் போடுகிறேன். அடுத்தது பாயின்ட் கிளவுட், அதாவது இப்படி அளந்து கிடைக்கும் முப்பரிமாணப் புள்ளிகளின் கூட்டம். "புள்ளி மேகம்" என்று மட்டும் யாரும் ஆரம்பிக்காதீர்கள், மேகக்கணிமையோடு (கிளவுட் கம்ப்யூட்டிங்) பட்டதே போதும். புள்ளித்திரள்?